பதினெட்டு வயது, ஏரி, உரிமம் உண்டு

பல் மருத்துவமனையின் கீழ் இழுப்பறையில்
கையுறைப் பெட்டிகளுக்கு அடியில்
ஒரே நாவலின் ஆறு பிரதிகள் வைத்திருக்கிறேன்.
ஆறு மொழி.
போலிஷ் தவிர எதுவும் எனக்கு வாசிக்க வராது.
அட்டைக்காகத்தான் வாங்கினேன்.

கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.
மூழ்கிச் செத்த பெண் ஒருத்தி
பள்ளி ஆண்டுவிழாவுக்குத் திரும்பி வருகிறாள்.
சொட்டும் ஈரத்தை மறைக்க
வெயிலிலும் மழைக்கோட்டு.
ஒருவனைக் காதலிக்கிறாள்,
அவனும் முழுதாக உயிரோடில்லை.

அமெரிக்காவில் எனக்குப் பாதி முகம்.
இருக்கிற ஒரு கண்ணுக்கும் ஊதா நிறம்.
ஹங்கேரியில் என்னை இடம் வலமாகத் திருப்பிப் போட்டதில்
மச்சம் கன்னம் மாறி உட்கார்ந்துகொண்டது;
முன்பல் இடைவெளியையும் அடைத்துவிட்டார்கள்,
மயக்க ஊசி இல்லாமல், ஒரே அமர்வில்.
எங்கள் டாக்டர் ஷெலிகா அதற்கு
நான்காயிரம் ஸ்லாட்டி கேட்டார்,
ஊழியர் தள்ளுபடி போக.

பிரேசிலில் என் பின்னால் நெருப்பு எரிகிறது.
ஏன் என்று தெரியவில்லை.
கதையில் ஒரு தீக்குச்சிகூடக் கிடையாது.

கொரியாவில் யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள்.
முகம் எவளுடையதோ.
ஆனால் இடது தோள் கொஞ்சம் ஏறி நிற்கிறதே,
அந்தக் கோணல்
பள்ளிப் பையைச் சுமந்து சுமந்து வந்தது.
அது நானேதான்.

சொந்த நாட்டுப் பதிப்பில் நான் இல்லவே இல்லை.
கறுப்பு அட்டை, சிவப்பு நாடா, துருப்பிடித்த சாவி.
கதையில் எந்தப் பூட்டும் இல்லை என்பதை
அட்டை போட்டவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.
அதனால்தான் ஓல்ஷ்டினில் ஒருவரும் நம்புவதில்லை,
அம்மா உட்பட.

நடந்தது இவ்வளவுதான்:
உகியேல் ஏரி, அக்டோபர் கடைசி.
சித்தி மகன் கோர்னெல் புதிதாகக் கேமரா வாங்கியிருந்தான்.
கவுன் நாடக மன்றத்தில் இரவல்.
கூலி முன்னூறு ஸ்லாட்டியும் ஒரு கிண்ணம் காளான் சூப்பும்.
கையெழுத்திட்ட தாளில்
'உலகம் முழுவதும், காலவரையின்றி' என்று இருந்தது.
பதினெட்டு வயதில்
அதை யாரோ வாழ்த்துவதாக எடுத்துக்கொண்டேன்.
பத்து நாள் காய்ச்சல்.

போன வியாழன் கடைவாய்ப் பல் அடைக்க வந்தாள் யாக்னா.
பதினைந்து வயது, மடியில் ஜெர்மன் பிரதி.
அப்பா ஹாம்பர்க்குக்கு லாரி ஓட்டுகிறாராம்,
அங்கிருந்து வாங்கி வந்தாராம்.
அந்த அட்டையில் முகமே கிடையாது.
முதுகு, நனைந்த கவுன், சாம்பல் நீர்.
நான் அதிகம் எடுத்துப் பார்க்காத அட்டை.

ஊசியில் ஒரு பக்கம் மரத்துப்போன உதட்டோடு
என்னிடம் வாதாடினாள்:
'ழாவி போட்டது ழுத்த மோழம்.
இழுதான் ழரி.
ழண்ணிக்குள்ள போழாளா, வெளிய வழ்ழாளா,
யாழுக்கும் ழெரியாது.'

மூக்குவரை முகமூடி எனக்கு.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி
சொல்லிவிட்டேன்:
'வெளியதான் வர்றா.'

எப்படி என்று கண்ணால் கேட்டாள்.

'கவுன் காலோட ஒட்டியிருக்கு பாரு.
உள்ள போகும்போது துணி மிதக்கும்.'

கோர்னெல் படகில் இருந்தான் என்றோ,
இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவன் கத்தக் கத்த
நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன் என்றோ,
கரையில் மஞ்சள் துண்டு விரித்திருந்தது,
அட்டைக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள் என்றோ
சொல்லவில்லை.

யாக்னா அட்டையை முகத்தருகே கொண்டுபோய்
நீரின் விளிம்பை விரலால் தடவினாள்.

வாயைத் திற, என்றார் டாக்டர்.